உள்பக்கத்து சுவிட்ச்

காளீஸ்வரன் சுவிட்சில் விரல் வைத்தான், இன்னும் அமுக்கவில்லை. அதற்குள் ஷட்டர் ஏறத் தொடங்கிவிட்டது.

காலையில்தான் சிவகாசியிலிருந்து வாங்கி வந்து மாட்டிய புது மோட்டார். முனகிக்கொண்டே ஷட்டரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கிவிட்டு நின்றது. ஒரு ஆள் தவழ்ந்து வெளியே வரப் போதுமான உயரம் என்று அவனுக்குத் தோன்றியது. தோன்றியதற்காகத் தன் மேலேயே எரிச்சல்பட்டான்.

"என்னலே, பாதியில நிக்குது?" என்றார் ஜெயபாண்டி, வேப்பமரத்தடி நாற்காலியில் இருந்தபடியே. தாயில்பட்டிக்கு வெளியே இருக்கும் அந்த ஷெட் அவருடையது. சாயங்காலம் அவருடைய புதுக் கார் வந்து நிற்கப்போவது அதில்தான்.

"பழைய வயரு அண்ணாச்சி. புதுசா இழுத்திருக்கணும்."

"இருக்கிற வயரே போதும்னு சொன்னது நீதானலே?"

அவன்தான் சொன்னான். புது வயர் இழுக்கச் சுவரை உடைக்க வேண்டும். உடைத்தால் நாலு பேர் வந்து பார்ப்பார்கள். உள்பக்கம் இருக்கும் அந்த வெள்ளைப் பிளேட்டையும் பார்ப்பார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இங்கே காரெல்லாம் கிடையாது. தீபாவளி சீசனுக்கு மூன்று பெண்கள் உட்கார்ந்து லைசென்ஸ் இல்லாமல் வெடிக்கு மருந்து செலுத்திக்கொண்டிருந்தார்கள். பெரிய கம்பெனிகளில் மருந்து அறைக்குள் நுழையுமுன் உடம்பிலுள்ள கரண்ட் இறங்க வாசலில் இருக்கும் செப்புத் தகட்டில் உள்ளங்கையை வைப்பார்கள். இங்கே தகடு ஏது? ஷட்டரின் இரும்புச் சட்டத்தை ஒரு தட்டு தட்டிவிட்டு உள்ளே வருவார்கள். சோதனைக்கு ஆள் வந்துவிடும் என்று ஷட்டர் எப்போதும் இறங்கியே இருக்கும். காற்றில்லாமல் புழுங்கும்போது அவர்களே உள்சுவிட்சை அமுக்கித் திறந்துவிடுவார்கள். அது ஜெயபாண்டிக்குப் பிடிக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை காளீஸ்வரன் வந்து உள்சுவிட்சைக் கழற்றினான்; வயர் முனை இரண்டிலும் மூன்று சுற்று டேப் சுற்றி, மேலே வெள்ளைப் பிளேட்டைத் திருகிவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை அவன் மனைவி வேல்விழி நாலாவது ஆளாக அங்கேயே வேலைக்குச் சேர்ந்தாள். அன்று ராத்திரி, எவ்வளவு தேய்த்தாலும் அலுமினியப் பவுடர் போகாத வெள்ளி விரல்களால் அவனுக்குச் சோறு போட்டாள்.

"உள்ள சுவிட்சே இல்லைங்க. அண்ணாச்சிட்ட சொல்லி ஒண்ணு போட்டுக் குடுங்களேன்."

"தீபாவளி முடியட்டும்" என்றான்.

சனிக்கிழமை பற்றிக்கொண்டது. வெளிச்சுவிட்சை அமுக்க வேண்டிய காவல்காரன் டீ குடிக்கப் போயிருந்தான். உள்ளே இருந்த நாலு பேரும் வெளியே வரவில்லை. மோட்டார் கெட்டதால்தான் ஷட்டர் ஏறவில்லை என்று ஊர் நம்பியது. ஏழு வயது மகள் மாரிசெல்வியும் அப்படித்தான் நம்புகிறாள்; அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறாள். தெரிந்தால் அந்தக் கை எடுபட்டுவிடும். அவனுக்கு இருந்த ஒரே பயம் அதுதான்.

"உள்ள போயி பாத்துட்டு வாரேன் அண்ணாச்சி."

குனிந்து தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டியிருந்தது. நேற்று அடித்த பெயிண்டின் வாடைக்கு அடியில் இன்னொரு வாடை, மழை விழுந்த அடுப்புச் சாம்பலும் கந்தகமும் கலந்த மாதிரி, தொண்டையின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது; மேலே தகரக் கூரை வெயிலில் டிக், டிக் என்று விரிந்துகொண்டிருக்க, அந்தச் சத்தத்துக்கு நடுவே ஈரச் சிமெண்டில் வெறுங்கால் பதிந்து எடுபடுகிற மாதிரி மெல்லிய ஓசை ஒன்று அவனுக்குப் பின்னால் நின்று, நடந்து, மறுபடியும் நின்றது. திரும்பினான். ஏணியும் அவனுடைய டூல் பையும்தான் இருந்தன.

ஏணியில் ஏறி வயர்ப் பெட்டியைத் திறந்தான். வெளிச்சுவிட்சுக்கு ஒரு ஜோடி, பழைய உள்சுவிட்சுக்கு ஒரு ஜோடி. புகை குடித்துக் குடித்து நாலு வயரும் ஒரே கறுப்பாக இருந்ததால் காலையில் குத்துமதிப்பாக ஒரு ஜோடியை மோட்டாரில் சேர்த்திருந்தான். இப்போது நகத்தால் சுரண்டிப் பார்த்தான்.

மாற்றிச் சேர்த்திருக்கிறான்.

வெளிச்சுவிட்சின் வயர் எதோடும் சேராமல் தொங்கியது. ஆனால் காலையிலிருந்து ஜெயபாண்டி ஆறு தடவை அந்தச் சுவிட்சை அமுக்கினார். ஆறு தடவையும் ஷட்டர் ஏறியது. மோட்டாரில் சேர்ந்திருந்த ஜோடி சுவருக்குள் இறங்கி, அந்த வெள்ளைப் பிளேட்டுக்குப் பின்னால் போய் முடிந்தது.

ஷட்டர் இறங்கியது. ஒரே இழுப்பில்.

இருட்டு. பூட்டு மாட்டும் துளை வழியாக ஒரு விரல் கனத்துக்கு மட்டும் வெளிச்சம்.

"ஏலே காளி! அமுக்குறேன், ஏற மாட்டேங்குது!"

"அண்ணாச்சி, அந்த சுவிட்சு வேலை செய்யாது! ஆளைக் கூட்டியாங்க!"

"என்னது? ஒண்ணும் கேக்கலலே!"

டங்.

ஷட்டர் சட்டத்தில் ஒரு தட்டு. உள்பக்கமிருந்து.

டங். டங்.

மூன்று. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, நிதானமாக, நாலாவது.

அவன் ஏணியிலிருந்து விழுந்தான். சுவரைத் தடவிக்கொண்டே ஓடினான். கை சூடான குழியில் போய் விழுந்தது. பிளேட் இல்லை. டேப் இல்லை. இரண்டு வெறும் கம்பி முனைகள். தொடவைத்தால் போதும், ஷட்டர் ஏறிவிடும். நாலு மணிக்கு மாரிசெல்விக்குப் பள்ளிக்கூடம் விடும். தொடவைத்தால் போதும்.

ஒன்றைப் பிடித்தான். மற்றதைப் பிடித்தான்.

அவன் கை மேல் ஒரு கை வந்து உட்கார்ந்தது.

முரட்டுத்தனம் இல்லை. சோறு போடுகிற கை. அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது. இடது கம்பியை இடப்பக்கம் ஒதுக்கியது. வலது கம்பியை வலப்பக்கம். அவனுக்குப் பின்னால் மூன்று பேர் தரையில் உட்காரும் சத்தம். மூச்சை இழுத்தான். மருந்துத் தூள் வந்தது.

"வேலு" என்றான். "புள்ள தனியா நிப்பா, வேலு."

காதோரம், வீட்டில் பேசுகிற அதே குரல்.

"தீபாவளி முடியட்டும்."

துளை வெளிச்சத்தில் வெள்ளி விரல்கள் தெரிந்தன. அவன் டூல் பையிலிருந்த டேப்பை எடுத்துக் கம்பி முனையில் சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு சுற்று. இரண்டு. மூன்று.