முதல் தடவை வருகிறவர்களுக்கு

தெல்மா இறங்கிய பிறகும் வண்டி எழும்பவில்லை.

மோட்டார் சைக்கிளோடு சேர்த்துக் கட்டிய பக்கப்பெட்டியில் அவள் ஒருத்திதான் உட்கார்ந்து வந்தாள். இறங்கியதும் ஸ்பிரிங் துள்ளி மேலே வர வேண்டும். வரவில்லை. பெட்டி ஒரு பக்கமாக அமுங்கியே கிடந்தது. சீட்டு உறையில் ஆள் உட்கார்ந்திருக்கும் குழி. ஓட்டுகிறவன் திரும்பிப் பார்க்காமலே, "இன்னொருத்தர் இறங்கலையா அக்கா?" என்றான். பிறகு திரும்பிப் பார்த்தான். உடனே சிலுவைக் குறி போட்டுக்கொண்டான்.

"இறங்குடா," என்றாள் தெல்மா, அந்தக் காலி சீட்டைப் பார்த்து. "இதுதான் இடம்."

வண்டி மெல்ல எழும்பியது.

அந்தத் தீவில் சாவு வீட்டுக்குப் போனவர்கள் நேராக வீடு திரும்ப மாட்டார்கள். வழியில் ஒரு காபிக் கடையிலோ, ரொட்டிக் கடையிலோ, ஆள் கூட்டம் உள்ள சந்தையிலோ கொஞ்ச நேரம் நின்று, ஒட்டிக்கொண்டு வந்ததை அங்கே உதறிவிட்டுத்தான் போவார்கள். உதறாமல் போனால் செத்தவரும் கூடவே வருவார். எந்தக் கூரைக்குக் கீழே முதலில் கால் வைக்கிறோமோ அங்கேயே தங்கிவிடுவார். பால் மணம் மாறாத குழந்தைக்கும் இது தெரியும். தெல்மா வழியில் எங்கேயும் நிற்கவில்லை. வேண்டுமென்றேதான் நிற்கவில்லை.

வீட்டுக் கூடத்தில் தம்பி ஆர்னெல் சவப்பெட்டியில் கிடக்கிறான். பெட்டியின் கண்ணாடி மேல் அம்மா ஒரு கோழிக்குஞ்சை விட்டிருக்கிறாள். அநியாயமாகச் செத்தவன் பெட்டி மேல் குஞ்சு கொத்தக் கொத்த, கொன்றவன் மனசாட்சியையும் அது கொத்துமாம். மனசாட்சி இருப்பவனுக்கு அது சரி. வில்லாரூஸுக்கு எங்கே போய்க் கொத்தும்?

வில்லாரூஸ் அவள் வேலை பார்க்கும் கடற்கரை ரிசார்ட்டின் மேனேஜர். கரையில் சிவப்புக் கொடி ஏறியிருந்த ஒரு மாலையில், "காசு குடுத்து வந்தவங்க சூரியன் மறையறதைப் பாக்கணுங்கறாங்க, எடுடா படகை" என்று ஆர்னெலை விரட்டியவர் அவர்தான். படகு கவிழ்ந்தது. விருந்தாளிகளை ஒவ்வொருவராக மிதவைக் கயிற்றை நோக்கித் தள்ளிவிட்ட ஆர்னெல் மட்டும் கரை சேரவில்லை. போலீஸ் கேட்டபோது, "அவனா எடுத்துட்டுப் போனான், நான் என்ன பண்றது" என்றார் வில்லாரூஸ், கழுத்து வியர்வையைத் துடைத்தபடி. சாவுக்கு வரவில்லை. ஒரு பூக்கூட அனுப்பவில்லை. விடுமுறைக் கூட்டம், குடில்கள் நிரம்புகின்றன, இன்று வேலைக்கு வந்தே ஆக வேண்டும் என்று தெல்மாவுக்குச் செய்தி மட்டும் அனுப்பினார்.

வந்துவிட்டாள். தனியாக வரவில்லை.

சமையல்கட்டுக்குப் பின்னால் மேனேஜரின் வீடு. கதவைத் தட்டி, உள்ளே ஒரு காலை வைத்து, "வணக்கம் சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினால் போதும். பாதி வழிகூடப் போயிருக்க மாட்டாள். வில்லாரூஸே எதிரில் வந்தார். அவர் பின்னால் ஒரு பெண், இடுப்பில் குழந்தை, தோளில் சந்தையில் வாங்கிய பை.

"எங்க அந்தப் பக்கம்? இவங்க அஞ்சாம் குடில். கூட்டிட்டுப் போய் எல்லாத்தையும் சொல்லு. கொடி கிடின்னு ஆரம்பிச்சு பயமுறுத்தாத."

"சார், உங்க வீட்ல ஒரு நிமிஷம்..."

"என் வீட்ல உனக்கென்ன வேலை? சிரிச்ச மூஞ்சியா போ. செத்த வீட்டு மூஞ்சியை இங்க கொண்டு வராத."

பல்லைக் கடித்துக்கொண்டு சாவியை வாங்கினாள். நடக்கும்போது அவளுடைய செருப்புச் சத்தத்துக்குப் பின்னால் இன்னொரு சத்தம் வந்தது. வெறுங்காலின் ஈரச் சத்தம்.

அந்தப் பெண் பெயர் ஜெரல்டீன். மணிலாவில் துணிக்கடையில் வேலை. வருஷக்கணக்கில் சேர்த்து வைத்து மகள் பியாவோடு வந்திருக்கிறாள். "இந்த மாதிரி இடத்துக்கெல்லாம் நாங்க வந்ததே இல்லக்கா. தெரியாத்தனமா ஏதாவது பண்ணி மானத்தை வாங்கிக்கப் போறேன். என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாதுன்னு நீங்களே சொல்லிடுங்க."

நல்ல பெண். அதுதான் தெல்மாவை மேலும் கோபப்படுத்தியது. வாசல் படியிலேயே நின்றுகொண்டாள். "நீங்க உள்ள போங்க மேடம். நான் இங்கிருந்தே சொல்றேன்."

சொன்னாள். வெயில் ஏறியபின் குழந்தையை மணலில் விடாதீங்க. வெயில் களிம்பை ஒரு தடவை பூசினா நாளெல்லாம் காக்கும்னு நினைக்காதீங்க. தென்னை மரத்தடியில நாற்காலியைப் போடாதீங்க, தேங்காய் ஆள் பாத்து விழாது. பவளப்பாறைப் பக்கம் செருப்பில்லாம போனா கடல்முள்ளி குத்தும். அழகா கூம்பு மாதிரி சங்கு கிடந்தா தொடவே கூடாது, விஷம். ஒவ்வொன்றையும் திட்டுகிற மாதிரிதான் சொன்னாள். ஜெரல்டீன் பள்ளிக்கூடப் பிள்ளை போலத் தலையாட்டினாள்.

"சிவப்புக் கொடி பறந்தா கால் நனைக்கக்கூடப் போகாதீங்க. யார் சொன்னாலும். எவன் சொன்னாலும். புரியுதா?"

"புரியுதுக்கா." பிறகு தயங்கி, "இந்த ஏசியை எப்படிப் போடறதுன்னு..."

"சுவத்துல பொத்தான் இருக்கும் மேடம்."

"காணலையேக்கா."

பாதையில் நின்றிருந்த வில்லாரூஸ் கத்தினார். "வாசல்ல நின்னு என்ன பாடம் நடத்தற? உள்ள போய்க் காட்டு!"

பியா ஓடிவந்து தெல்மாவின் விரலைப் பிடித்து இழுத்தாள். தெல்மாவின் கால் வாசலைத் தாண்டியது.

அவ்வளவுதான்.

பூட்டிக் கிடந்த அறையின் புழுக்கத்துக்கும் புதிதாகத் துவைத்த விரிப்பின் மணத்துக்கும் அடியிலிருந்து, முதலில் லேசாக, பிறகு தொண்டையைக் கரிக்கும் அளவுக்கு, டீசலும் ஊறிய கயிறும் வெயிலில் காய்ந்த மீன் செதிலும் கலந்த ஒரு வாடை எழுந்தது. ஆர்னெல் வேலை முடிந்து வீட்டுக்குள் வரும்போதெல்லாம் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டுவாளே, அதே வாடை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்றாகிவிட்டதே!

குளியலறையிலிருந்து சத்தம் வந்தது. தகர டப்பாவால் தண்ணீரை மொண்டு வெளியே கொட்டும் சத்தம். மொள்ளுதல், கொட்டுதல். படகுக்குள் ஏறுகிற தண்ணீரை இறைக்கிறவனின் அவசரம்.

"யாராவது குளிக்கிறாங்களா உள்ள?" என்றாள் ஜெரல்டீன்.

தெல்மா கதவைத் திறந்தாள். தரை காய்ந்து கிடந்தது. சத்தம் நின்றது.

கட்டிலுக்கு அடியில் ஆரம்பித்தது.

தெல்மா முழங்காலிட்டாள். விரிப்பைத் தூக்கிப் பார்க்கத் துணிவில்லை. வாய்க்குள்ளேயே சொன்னாள்: "இங்க இல்லடா ஆர்னெல். இவங்க ஒண்ணும் பண்ணல. அக்கா தப்பு பண்ணிட்டேன். எழுந்து வாடா, தங்கம்."

மொள்ளுதல். கொட்டுதல்.

"வாடான்னு சொல்றேன்ல!"

விரிப்பின் ஓரம் நனைந்து கருத்தது. ஈரம் துணியில் மேலே ஏறியது. பியா கட்டில் மேல் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

தெல்மா குழந்தையை வாரி எடுத்தாள். ஜெரல்டீனின் கையைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்தாள். "அந்த ரூம் வேணாம். கேக்காதீங்க. வேணாம்!"

வெளியே பொழுது சாய்ந்திருந்தது. கொடிக்கம்பத்தில் சிவப்புத் துணி படபடவென்று அடித்துக்கொண்டது. வில்லாரூஸ் வேக வேகமாக வந்தார். முகத்தில் சிரிப்பு, கண்ணில் கொலைவெறி.

"என்னாச்சு மேடம்? ரூம் பிடிக்கலையா? ஒண்ணுமில்ல, வேற குடில் தந்துடறோம். அதுவரைக்கும் உங்களுக்கு எங்க செலவுல ஒரு படகுச் சவாரி. சூரியன் மறையறதைப் பாத்துட்டு வந்துடுங்க."

"கொடி ஏறியிருக்கு சார்," என்றாள் தெல்மா. "என் தம்பி இன்னும் மண்ணுக்குள்ளகூடப் போகல."

"உன்கிட்ட அப்புறம் பேசறேன்." அவர் வாக்கி டாக்கியை வாயருகே கொண்டு போனார். "யாருடா இருக்கீங்க? படகை முன்னாடி கொண்டு வாங்க."

படகுக்காரர்கள் எல்லோரும் கொடியைப் பார்த்துவிட்டு மதியமே வீட்டுக்குப் போய்விட்டார்கள். தெல்மாவுக்கு அது தெரியும்.

குடிலுக்குள் தண்ணீர் இறைக்கும் சத்தம் நின்றது.

வாக்கி டாக்கி கரகரத்தது. "சரி சார்."

தெல்மா அந்தக் குரலைத் தொட்டில் நாளிலிருந்து அறிந்தவள்.

கரையில் இன்ஜின் இருமியது. விபத்துக்குப் பிறகு தென்னைகளுக்குக் கீழே கவிழ்த்துப் போட்டிருந்த ஆர்னெலின் படகு இப்போது அலையில் நேராக நின்றது. படகு சாயாமல் இருக்க இருபுறமும் கட்டிய மூங்கில் சிறகுகளில் ஒன்று முறிந்து தொங்கியது. பின்பக்கம், இன்ஜின் அருகே, இருட்டு மற்ற இடத்தைவிட அடர்த்தியாக இருந்தது.

"வாங்க மேடம், வாங்க," என்றார் வில்லாரூஸ்.

தெல்மா குறுக்கே விழுந்தாள். "ஏறாதீங்க! என்ன சொன்னேன் நான்? எவன் சொன்னாலும்னு சொன்னேனா இல்லையா?"

ஜெரல்டீன் மகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"கிறுக்குப் பிடிச்சிருக்கு இவளுக்கு," என்றார் வில்லாரூஸ். "பாருங்க மேடம். நானே ஏறிக் காட்டறேன். இதுல என்ன பயம்?"

தண்ணீரில் இறங்கி நடந்தார். படகிலிருந்து ஒரு கை நீண்டது. நீட்டியவன் முகத்தைப் பார்க்காமலே அதைப் பிடித்துக்கொண்டார். வேலைக்காரன் முகத்தை அவர் என்றைக்குப் பார்த்தார்? தெல்மா அந்தக் கையைப் பார்த்தாள். மணிக்கட்டைச் சுற்றி, நங்கூரக் கயிறு அறுத்த தழும்பு.

இப்போது கத்தியிருக்கலாம். கத்தவில்லை. போ, என்று நினைத்தாள். போய்த் தொலை.

அவர் முன்பலகையில் உட்கார, படகு கிளம்பி மிதவைக் கயிற்றைத் தாண்டியது. பெரிய அலை ஒன்று எழுந்தது. பிறகு படகைக் காணோம். இன்ஜின் சத்தம் அறுந்தது.

அவளுக்குள் பொங்கியது சந்தோஷம்தான். வேறு பெயர் வைத்து ஏமாற்ற அவளால் முடியவில்லை. அழுதாள். சிரித்தாள். "முடிஞ்சுதுடா தங்கம்," என்றாள். "வீட்டுக்குப் போகலாம்."

இன்ஜின் இருமியது.

படகு திரும்பி வந்தது. முன்பலகையில் வில்லாரூஸ், அதே இடத்தில், முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. சிரித்தார். சிரித்த வாயிலிருந்து தண்ணீர் வழிந்தது. நிற்காமல் வழிந்தது. ஒரு கையைத் தூக்கி, வாங்க வாங்க என்று அழைத்தார்.

மற்ற குடில்களின் கதவுகள் திறந்தன. படகைப் பார்த்தவர்கள் துண்டும் போனுமாக மணலில் இறங்கினார்கள். முதல் தடவை வந்தவர்கள். "சூரியன் போயிடப் போகுது, சீக்கிரம்!" என்று யாரோ சிரித்தார்கள்.

தெல்மா இடுப்பளவு தண்ணீரில் ஓடினாள். கைகளை விரித்தாள். "போகாதீங்க! கொடி! கொடியைப் பாருங்க!" தொண்டை கிழிந்தது. அலை பேரிரைச்சலோடு அவள் மேல் விழுந்தது. வேலைக்காரப் பெண்ணைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு, இரு பக்கமும் விலகி அவர்கள் அவளைக் கடந்து போனார்கள்.

"ஆர்னெல்! போதும்டா! அவன் ஒருத்தன்தாண்டா!"

இன்ஜின் அருகில் இருந்தவன் திரும்பவில்லை. சொன்ன வேலையைச் செய்கிறவன். முதலில் ஒரு கிழவருக்குக் கை கொடுத்தான். பிறகு அவர் மனைவிக்கு. பிறகு, அப்பாவின் தோளில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்த ஒரு சிறுமியை, நீரில் ஊறி வெளுத்த இரண்டு கைகளும் பத்திரமாகத் தூக்கி உள்ளே இறக்கின.