மகாராணியின் சிவப்பு ரிப்பன்

காலை மணி 8.25.

பல் டாக்டர் பயிற்சி வளையத்தின் மணலில் மல்லாந்து கிடந்தார். வலது கால், முழங்காலுக்குக் கீழே, திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. எலும்பு நொறுங்கியதெல்லாம் நீண்ட பூட்ஸுக்குள்ளேயே நடந்து முடிந்துவிட்டது. வெளியே ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஹெல்மெட் இருந்ததால் தலை தப்பியது. அந்த நிலையிலும் மனிதர், "ஸாரி, நான்தான் ரொம்பக் கிட்ட வந்துட்டேன்" என்று முனகிக்கொண்டிருந்தார்.

விசிலம்மா மூன்று முறை ஊதினார். குதிரைப் போலீஸில் இருபத்தாறு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது இந்தத் தடைதாண்டும் குதிரைப் போட்டியின் பாதுகாப்பு அதிகாரி. மூன்று விசில் கேட்டால் வளையத்துக்குள் இருக்கும் எல்லாக் குதிரைகளும் நிற்க வேண்டும். பதினொன்றில் ஏழுதான் நின்றன. மற்ற நான்கு பேருக்கும் தங்கள் முறை வருவதற்குள் இன்னொரு சுற்று போய்விட வேண்டுமாம். அதில் ஒருவன் ஸ்ட்ரெச்சர் வரும் வழியிலேயே கட்டையைத் தாண்டினான். 

டாக்டர் பக்கத்தில் வந்தவர்கள் மூன்றே பேர்: விசிலம்மா, நர்ஸ், உதைத்த குதிரையிலிருந்து குதித்து ஓடிவந்த சிட்டு. மற்றவர்கள் வேலிக்கு வெளியே நின்று போனில் படம் எடுத்தார்கள்.

நடந்தது எளிது. தாண்டப் போகிறவன் முன்கூட்டியே குரல் கொடுக்க வேண்டும். எவனோ ஒருவன் கொடுக்கவில்லை. டாக்டர் மரியாதையாகத் தன் குதிரையோடு ஒதுங்கி அவனுக்கு வழிவிட்டார். ஒதுங்கிய இடம் சிட்டுவின் குதிரைக்குப் பின்னால். மகாராணி என்று பெயர் வைத்த அந்தக் கறுப்புக் குதிரைக்கு மனிதர்கள் என்றால் உயிர். பின்னால் இன்னொரு குதிரை வந்தால் மட்டும் ஆகாது, உதைத்துவிடும். அப்படிப்பட்ட குதிரையின் வாலில் சிவப்பு ரிப்பன் கட்ட வேண்டும். பார்த்தவர்கள் தள்ளிப் போவார்கள்.

மகாராணியின் வாலில் ரிப்பன் இல்லை.

காலை மணி 8.40.

"பதினோரு மணிக்குக் கமிட்டி," என்றார் போட்டித் தலைவர், கடிகாரத்தைப் பார்த்தபடி. "அந்தப் பொண்ணோட லைசென்ஸை ஆயுசுக்கும் ரத்து பண்ணிடலாம். கடிதம் டைப் ஆகுது."

"விசாரிக்காமலா?" என்றார் விசிலம்மா.

"என்னத்த விசாரிக்கறது? ரிப்பன் கட்டலை."

"கட்டியிருந்தது சார். ஏழு அம்பதுக்கு லாயத்துல என் கண்ணால பார்த்தேன். நோட்டுல டிக் போட்டிருக்கேன்."

"அப்போ கழட்டியிருக்கா. சீக்கிரம் முடிங்க. மத்தியானம் கோப்பை குடுக்கணும்."

காலை மணி 8.50.

லாயத்தில் சிட்டுவின் சித்தப்பா மகாராணிக்கு முன்னால் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். அந்தக் குதிரையைப் பார்த்துக்கொள்கிற ஆள் அவர்தான். சிட்டு வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வயதில் சித்தப்பாவோடு சாணி அள்ள வந்தவள். இருபத்திரண்டு வயதில் முதல் தடவையாக இறுதிச் சுற்றுக்கு வந்திருக்கிறாள். லைசென்ஸ் போனால் மறுபடி சாணிக்கூடைதான்.

"வழக்கமா என்ன செய்வீங்க, சொல்லுங்க," என்றார் விசிலம்மா.

"வாலை நனைச்சு, முடி படியறதுக்குத் துணிப்பட்டையைச் சுத்துவேம்மா. அதுக்கு மேல ரிப்பன். மெயின் வளையத்துக்குப் போறப்பதான் பட்டையைக் கழட்டுவோம். ரிப்பனை மறுபடி வாலிலேயே கட்டிருவேன்."

"இன்னிக்கு?"

அவர் குனிந்தார். "நான்தாம்மா சீக்கிரமே கழட்டிட்டேன். ரிப்பனை மறந்துட்டேன். பாப்பா மேல தப்பில்ல."

"பொய் சொல்றாரு," என்று சிட்டு எழுந்தாள். "சித்தப்பா எட்டு மணிக்குத் தண்ணி பிடிக்கப் போயிட்டாரு. நான்தான் கழட்டினேன்."

"நீ பூட்ஸ் மாட்டப் போயிருந்தியே, கழுதை!"

ஒருவருக்காக ஒருவர் பழியைச் சுமக்கிறார்கள் என்பது பச்சைக் குழந்தைக்குக்கூடப் புரியும். விசிலம்மா குரலைத் தணித்தார்.

"கிளம்பும்போது ரெண்டு பேரும் வாலைப் பார்க்கலையா?"

"நான் முன்னாடி லகானைப் பிடிச்சிருந்தேன். பாப்பா இடது பக்கமா ஏறிச்சு."

"வளையத்து வாசல்ல பார்க்க வேண்டிய ஆள்?"

"அவரு போன்ல இருந்தாரு," என்றாள் சிட்டு.

மூலையில் ஒரு வாளி. அதில் உலர்ந்த துணிப்பட்டைகள் ஆறு, வழவழவென்று உருட்டி அடுக்கியிருந்தன. கட்டுவதற்காக அவற்றின் ஒரு முனையில் தைத்திருந்த நாடாக்கள் வெளியே தெரியவில்லை. ஏழாவது உருளை ஈரமாக மேலே கிடந்தது. அதுவும் அழகாகத்தான் சுருட்டியிருந்தது. தன் நாடாவாலேயே சுற்றிக் கட்டி, பூ முடிச்சுப் போட்டிருந்தது. விசிலம்மா முடிச்சை அவிழ்த்துப் பிரித்தார். உள்ளே சிவப்பு ரிப்பன். மட்டமான சாயம்; வெள்ளைத் துணியெல்லாம் ரோஜா நிறத்தில் ஊறியிருந்தது.

சித்தப்பாவும் சிட்டுவும் ஒருவரையொருவர் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

காலை மணி 9.20.

மகாராணியின் முதலாளி பார்வையாளர் கூடாரத்தில் இருந்தார். சந்தன நிறக் கோட்டு, பளபளக்கும் ஷூ. எதிரே ஒரு மருந்துக்கடைக்காரர், பக்கத்தில் அவருடைய பத்து வயது மகள். அந்தக் குழந்தைக்காக மகாராணியை வாங்க வந்திருக்கிறார்கள்.

"அங்கிள், மகாராணி உதைக்குமா?" என்று கேட்டது குழந்தை.

"சேச்சே! பூனைக்குட்டி கண்ணு அது. ஓட்டத் தெரியாதவங்க கையில மாட்டிக்கிச்சு, அவ்வளவுதான்."

விசிலம்மா அவரைத் தனியே அழைத்தார்.

"காலையில லாயத்துப் பக்கம் வந்தீங்களா?"

"அந்த நாத்தத்துலயா? ஆள் வெச்சிருக்கேன், நான் எதுக்குப் போறேன்?"

"எட்டு மணிக்கு எங்க இருந்தீங்க?"

"இங்கதான். டீ குடிச்சிட்டு."

வெயில் ஏறியிருந்தது. அவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். ஒரு மூலையில் ரோஜா நிறக் கறை.

"இது என்ன சார்?"

"டாக்டரோட ரத்தம். மனசு கேக்கலை, ஓடிப்போய்த் துடைச்சு விட்டேன். பாவம் மனுஷன்."

காலை மணி 11.00.

கமிட்டி அறையில் தலைவர், முதலாளி, சித்தப்பா, சிட்டு. முதலாளியின் அழைப்பில் மருந்துக்கடைக்காரரும் ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஓட்டியவள்தான் குற்றவாளி என்று அவர் காதாலேயே கேட்கட்டும் என்று முதலாளிக்கு ஆசை. டைப் அடித்த கடிதமும் சிட்டுவிடமிருந்து வாங்கி வைத்த லைசென்ஸும் மேஜைமேல் தயாராக இருந்தன.

விசிலம்மா மூன்று துணிப்பட்டைகளைப் பிரித்துப் போட்டார். "ஆளுக்கு ஒண்ணு சுருட்டிக் குடுங்க."

"இதென்ன விளையாட்டு?" என்றார் தலைவர்.

"ரெண்டு நிமிஷம் சார்."

சித்தப்பா நாடா இருக்கும் முனையை மடித்து, அங்கிருந்து உருட்ட ஆரம்பித்தார். பேசிக்கொண்டே செய்யக்கூடிய வேலை அவருக்கு. சிட்டுவும் அப்படியேதான். முதலாளி சிரித்தார். "இது ஒரு வித்தையா?" வெறும் முனையிலிருந்து சுருட்டி, கடைசியில் வந்த நாடாவைச் சுற்றிக் கட்டி, பூ முடிச்சுப் போட்டு மேஜையில் வைத்தார். மூன்றில் அதுதான் பார்க்க அழகாக இருந்தது.

விசிலம்மா ஈரப் பட்டையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"குதிரை வேலை செய்யறவங்க நாடாவை உள்ள வெச்சுத்தான் உருட்டுவாங்க. வால்ல சுத்திட்டு வரும்போது நாடா கடைசியா வெளிய வரணும், அப்பதான் கட்ட முடியும். அவசரத்துல, தூக்கக் கலக்கத்துலகூட இவங்க கை மாறாது. வாளியில இருந்த ஆறும் அப்படித்தான் இருந்துச்சு. ஏழாவது மட்டும் ஜவுளிக்கடைப் பொட்டலம் மாதிரி கட்டியிருந்துச்சு. அதைச் சுருட்டினவர் வாழ்க்கையில ஒரு நாள்கூட வாலுக்குப் பட்டை சுத்தினதில்லை. இந்தப் பொண்ணும் இல்ல, இவ சித்தப்பாவும் இல்ல. குதிரையை வெச்சிருக்கார், ஆனா தொட்டுப் பார்த்ததில்லை. நீங்கதான் சார்."

முதலாளியின் முகம் சுண்டியது. "யார் வேணாலும் இப்படிச் சுருட்டலாம்!"

"சுருட்டலாம். ஆனா ஈர ரிப்பனைத் தொட்ட கையைத் துடைச்சது நீங்க மட்டும்தான். கோட்டுப் பாக்கெட் கறையாயிடும்னு ரிப்பனைப் பட்டைக்குள்ள ஒளிச்சீங்க. பழி இவங்க வாளிக்குப் போயிடும்னும் நினைச்சீங்க. கைக்குட்டையில இருக்கறது டாக்டர் ரத்தம்னு சொன்னீங்க. டாக்டருக்கு ஒரு சொட்டு ரத்தம்கூட வரலை. நான் பக்கத்துலதான் இருந்தேன். நீங்க வரவே இல்லை. ரத்தம்னா இந்நேரம் பழுப்பாகியிருக்கும். கைக்குட்டையை எடுத்துப் பாருங்க, இன்னும் ரோஜாப்பூவாத்தான் இருக்கும்."

 முதலாளி வெடித்தார். வருத்தத்தில் அல்ல, எரிச்சலில்.

"ஒரு ரிப்பன்! வால்ல அதைக் கட்டிட்டு நின்னா எவன் வாங்குவான்? வாங்க வந்தவர் போற வரைக்கும்தானே எடுத்து வெச்சேன்? அந்த டாக்டர் பார்த்து வரக் கூடாதா?"

மருந்துக்கடைக்காரர் மெல்ல எழுந்தார். "என் பொண்ணு பத்து வயசு சார்," என்றார்.  கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "விஷயம் இந்த ரூமோட இருக்கட்டுமே. போட்டிக்குக் கோப்பை குடுக்கறதே இவர்தான்."

இருபத்தாறு வருட வேலையில் திருடர்களையும் வெட்டுக்குத்துகளையும் பார்த்தவர் விசிலம்மா. அங்கெல்லாம் இப்படி அருவருத்ததில்லை. பேனாவை எடுத்துத் தலைவர் முன்னால் வைத்தார்.

"கடிதத்துல சிட்டு பேரை அடிச்சிட்டு இவர் பேரை எழுதுங்க, ஆயுசுக்கும் போட்டிப் பக்கமே வரக் கூடாதுன்னு. எழுதலைன்னாலும் பரவாயில்ல, போலீஸ்ல எழுதிக்குவாங்க. போன் பண்ணிட்டேன், கிளம்பிட்டாங்க."

தலைவர் எழுதினார். 

சிட்டுவின் லைசென்ஸைச் சித்தப்பா இரண்டு கையாலும் வாங்கி அவளிடம் நீட்டினார். அவள் அதைப் பார்க்கவில்லை.

"அம்மா, டாக்டர் எப்படி இருக்கார்?"

மூன்று மணி நேரமாக அங்கே லைசென்ஸ் பேசினார்கள், கோப்பை பேசினார்கள், குதிரை பேசினார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டவள் இவள் ஒருத்திதான். விசிலம்மா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வைத்தார்.

"ஆபரேஷன் பண்ணப் போறாங்களாம். கால் இருக்கும். ஆனா இனிமே சவாரி முடியாது."

சிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"மயக்க மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டாராம்," என்றார் விசிலம்மா. "உதைச்சதுல அந்தக் குதிரைக்குக் கால்ல ஏதாவது அடிபட்டுச்சான்னு."