பறைமேல் வைத்த காபி

டபராவில் இருந்த காபி நடுங்கியது. நடுவிலிருந்து ஒரு சின்ன வளையம் கிளம்பி, விரிந்து, விளிம்பில் முட்டி அடங்கியது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

சேஷன் பேப்பரைத் தாழ்த்திக்கொண்டு பார்த்தார். விமானமாக இருக்காது, காலையிலிருந்து மூடிக்கிடக்கும் இந்தப் பனியில் எது பறக்கப்போகிறது? ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் ஜன்னலுக்கு வெளியே நிற்கும் வேப்பமரத்தையே காணோம். மத்தியானத்திலேயே டியூப்லைட் போட்டாகிவிட்டது. ரூம் ஹீட்டரின் கம்பிகள் கனன்றுகொண்டிருந்தன. கருகிய தூசியின் வாசனை அறையெங்கும் நிறைந்திருந்தது. அதற்கடியில் வேறொரு வாசனை, ஈரம் காயும் தோலின் வாசனை.

டபரா இருந்தது ஒரு பறையின்மேல். பறை இருந்தது மூடா என்கிற பிரம்பு முக்காலியின்மேல்.

தலைநகரின் தமிழர் குடிசைப்பகுதியான மதராசி கேம்ப்பை இடித்தபோது மூக்கன் தூக்கிக்கொண்டு வந்த பறை அது. தமிழ்ச் சங்கத்து ஹாலைப் பெருக்குகிறவன். புது இடம் சரியாகிறவரை சங்கத்து ஸ்டோரில் ஒரு மூலையில் கிடக்கட்டும் என்று கேட்டான். சேஷன் சங்கத்தின் இசைக்குழுச் செயலாளர். சின்ன வயதில் மிருதங்கம் கற்றவர். வலந்தலையின் கருப்புச் சாந்தும் இடந்தலையில் அப்பும் ரவையும் சேர்ந்து என்ன நாதம் வரும் என்பதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். மூன்று துண்டு மரத்தை வளைத்து, ஒரு தோலை ஒட்டிவிட்டால் அது வாத்தியமா?

"இதுல சுருதி எங்கேடா இருக்கு?"

"நெருப்புல காட்டுனா வரும் சார்."

"நெருப்புல காட்டினா அப்பளத்துக்குக்கூடத்தான் சத்தம் வரும். எதுக்கு அடிப்பே, சாவுக்குத்தானே?"

"கல்யாணம், கோயிலு, சாவு, எல்லாத்துக்குந்தான் சார். எதுக்குன்னு அடிக்கிற கைதான் சொல்லும்."

மிருதங்கங்களுக்குச் சரியாசனத்தில் அது உட்காருவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து டீப்பாய் ஆக்கினார். தன் டபராவுக்குக் கீழேதான் அதற்குத் தகுந்த இடம் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

இன்று மலை மந்திர் கோயிலுக்குப் புறப்படும்போது மனைவி ருக்கு வாசலில் நின்று சொன்னாள். "ஏன்னா, அதை ஹீட்டர் பக்கத்துல வெக்காதேள். எங்க ஊர்ல நம்ம தெருவோரம் அதைக் காய்ச்சறான்னா, தெருவுல பொணம் கெடக்குன்னு அர்த்தம்."

"அச்சா. அப்ப நீ பார்த்து ரோடைக் க்ராஸ் பண்ணு."

"உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?"

அவள் போனதும், வீம்புக்கென்றே, காலால் ஹீட்டரை மூடாவுக்கு இன்னும் நெருக்கித் தள்ளினார்.

இப்போது டபராவை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, தோலை நகத்தால் ஒரு சுண்டு சுண்டினார். நேற்றுவரை நனைந்த சாக்குபோல 'தொப்' என்றது, இன்று 'டண்' என்றது. இதில் என்ன அதிசயம்? சூட்டில் தோல் காயும், காய்ந்தால் இறுகும், இறுகினால் சுருதி ஏறும். பள்ளிக்கூடத்துப் பையன் சொல்வான். ருக்குவைப் போன்றவர்களுக்குத்தான் இதெல்லாம் பூதம்.

அவர் கையை எடுத்த பிறகும் ஒலித்தது.

மெல்ல. பக்கத்து வீட்டில் யாரோ மாவு இடிப்பதுபோல. இரண்டு குட்டை, ஒரு நெட்டை. ஒரு நிறுத்தம். மறுபடி இரண்டு குட்டை, ஒரு நெட்டை. அந்த அடி அவருக்குத் தெரியும். பாடை தெருமுனையில் திரும்பும்போது அடிப்பது. அது கேட்டதுமே அம்மா வாசல் கதவைச் சாத்திவிடுவாள்.

ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கினார். கம்பிகள் கறுத்தன. ஜன்னல் இடுக்கு வழியாகக் குளிர் வந்து கணுக்காலைப் பிடித்தது. இனித் தோல் தளரவேண்டும், சத்தம் இறங்கவேண்டும்.

ஏறியது.

உள்ளங்கையை அதன்மேல் அழுத்தினார். ஜுரக்காரன் நெற்றிபோலக் கொதித்தது. கைக்கடியில் ஏதோ சொரசொரத்தது. குனிந்து பார்த்தார். குளிர்காற்று பட்ட இடமெல்லாம் தோல் புள்ளி புள்ளியாகச் சிலிர்த்திருந்தது.

சொம்புத் தண்ணீரை அதன்மேல் கொட்டினார். ஈரம் பட்டால் எந்தத் தோலும் ஊமையாகிவிடும். தண்ணீர் தோசைக்கல்லில் விழுந்ததுபோலத் துள்ளி ஓடி மறைந்தது.

இரண்டு குட்டை. ஒரு நெட்டை.

யாருக்கு?

இந்த வீட்டில் இருப்பது இரண்டு பேர். ஒருத்தி வெளியே இருக்கிறாள். பனியில். லாரிகள் விரையும் ரோட்டில். அந்த நினைப்பு வந்ததும் சேஷனின் நெஞ்சு லேசாயிற்று. ஆமாம், அதுதான். வேறென்ன?

"அவளுக்குத்தான்," என்றார், வழி கேட்டவனுக்குத் தெருவைக் காட்டுவதுபோல. "அவளுக்காகத்தான் இருக்கும்."

பறை நின்றது.

அப்பாடா. வெட்கம்கூட வரவில்லை அவருக்கு. யார் யாருக்குப் போன் செய்யவேண்டும் என்று யோசிக்க ஆரம்பித்தார். மூக்கைச் சொரியலாம் என்று கையைத் தூக்கினார்.

விரல்கள் மடங்கவில்லை.

பறையில் வைத்த கை. உள்ளங்கை ரேகைகளைக் காணோம். வழுவழுவென்று, மஞ்சளாக, இழுத்துக் கட்டியதுபோல. இழுப்பு மணிக்கட்டைத் தாண்டியது. முழங்கை. தோள். கன்னம். இமைகள் மேலேறின. இறங்கவில்லை. கைகள் தாமாகவே பக்கவாட்டில் விரிந்தன. மூடாவின்மேல் பறைத்தோல் கிழவன் வயிறுபோலச் சுருங்கித் தொங்கியது.

பிளக் தரையில் கிடந்தது. ஹீட்டர் கம்பி சிவக்கத் தொடங்கியது.

கத்தப் பார்த்தார். வாய் திறக்கவில்லை.

கதவு தட்டும் சத்தம்.

நெஞ்சில் விழுந்தது. டண்.

"ஏன்னா, கதவைத் திறங்கோ. குளிர் கொல்றது."

ருக்கு. முழுசாக, உயிரோடு.

டண். டண்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். மேல்வீட்டு ஏகாம்பரத்தின் குரல். "என்ன மாமி, பறைச் சத்தம் கேக்குதே. யார் வீட்ல?"

"அதான் தெரியலை. நம்மாத்துக்குள்ளேர்ந்துன்னா கேக்கறது!"

எதிரே ஜன்னல் கண்ணாடியில் சேஷன் தன்னைப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் எரியும் கம்பியின் சிவப்பு, மார்பின் வழியே ஊடுருவித் தெரிந்தது. அதன் நடுவில் டபரா வைத்த வட்டக் கறை.

ருக்கு இந்த முறை இரண்டு கைகளாலும் தட்டினாள்.