உப்புத் தண்ணீர் பட்ட பாய்

இந்த எழுபத்து மூன்றாம் வருடம், கோயில் திருவிழா நாடகத்துக்குத் திரை தேர்ந்தெடுக்கும் நாள். பட்டப்பகலில் மண்டபத்தின் கதவுகளை எல்லாம் அடைத்து இருட்டாக்கி வைத்திருந்தோம். திரேஸ்புரத்து மீன் வாடை மட்டும் கதவிடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தது. நான் இசபெல்லா, நாடகத்துக்குத் துணி தைக்கிறவள். நாடகம் போடும் அம்புரோஸ் அண்ணாச்சி, படம் காட்டும் மெஷினை மேடையின் பின்பக்கம் வைத்திருந்தார். புயல் காட்சிக்குக் கொந்தளிக்கும் கடல் வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் நடிகர்களின் நிழல் விழும். அதனால் வெளிச்சம் பின்னாலிருந்துதான் வர வேண்டும்.

முதலில் மல் துணியைக் கட்டினோம். பல்பு தெரிந்தது, கடல் தெரியவில்லை. மெட்ராஸிலிருந்து வந்த பிளாஸ்டிக் திரை பளபளத்துக் கண்ணைக் கூச வைத்தது.

மூன்றாவது, தோணி முதலாளி செல்வதுரை தானமாகக் கொடுத்த, தோணியில் காற்றுக்கு விரிக்கும் பழைய பாய்.

அதைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்தது. என் வீட்டுக்காரர் ரோச் தண்டலாக இருந்து ஓட்டிய தோணியின் பாய் அது. கொழும்புக்குப் போன தோணி திரும்பவில்லை. அவரும் கூடப் போன நான்கு பேரும் கிடைக்கவே இல்லை. பாய் மட்டும் பெரியதாழைக் கரையில் ஒதுங்கியது. "தண்டல் குடிச்சிட்டுப் படுத்துட்டான், தோணி போச்சு" என்று செல்வதுரை ஊர் முழுக்கச் சொன்னார். கோயிலில்கூட நான் குடிகாரன் பெண்டாட்டி ஆனேன். ரோச் குடிக்கவே மாட்டார். பலகை இடுக்கில் பஞ்சு திணித்துக் கலப்பத்து அடிக்காமல் தோணியை எடுக்கக் கூடாது என்று முதலாளியிடம் கெஞ்சிவிட்டு வந்தவர் அவர். யாரிடம் சொல்ல? ஏழை சொல் அம்பலம் ஏறாது.

அந்தச் செல்வதுரைதான் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பாய் கெட்டியா இருக்கு, நனைச்சாத்தான் வெளிச்சம் ஊடுருவும்" என்றார் அம்புரோஸ். "ஒரு வாளி நல்ல தண்ணி வேணும்."

"ஊருல குடிக்கத் தண்ணியில்ல, துணிக்கு வேற ஊத்தணுமாக்கும்" என்றார் செல்வதுரை. "கடலு பக்கத்துலதான கெடக்கு. ஏளா இசபெல்லா, மோந்துட்டு வா."

அம்புரோஸ் குரலைத் தாழ்த்தினார். "வேண்டாம் முதலாளி. ஆளக் குடுத்த பாயில உப்புத் தண்ணி படக்கூடாது."

எங்கள் கரையில் அப்படித்தான். ஆட்களைக் கடலுக்குக் கொடுத்த பாயை நல்ல தண்ணீரில் அலசி, மந்திரித்த பிறகுதான் விரிப்பார்கள். மறுபடி கடல் தண்ணீர் பட்டால், அதில் போனவர்கள் விட்ட வேலையைத் தொடர வந்துவிடுவார்கள் என்பது நம்பிக்கை.

"எல்லாம் கெழவிக் கத" என்றார் செல்வதுரை.

நான் வாளியோடு கடலுக்கு நடந்தேன். எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

வந்து பாய் முழுக்க ஊற்றினேன். மெஷின் ஓடியது. கடல் அழகாக விழுந்தது. பிறகு ஒரு நாற்றம் எழுந்தது. தோணியின் அடியில் தேங்கிக் கெட்ட தண்ணீரின் நாற்றம்.

சளக்.

அம்புரோஸ் சுவரோரம் இருந்த மெஷின் சுவிட்சுக்குப் போனார்.

சளக். சளக்.

படத்தில் இல்லாத நிழல்கள் பாயில் அசைந்தன. ஐந்து பேர் குனிந்து குனிந்து தண்ணீர் இறைத்தார்கள். நடுவில் இருந்தவருக்கு இடது தோள் சற்றே இறங்கியிருந்தது. அந்தத் தோளுக்குச் சட்டை தைத்தவள் நான்.

அவர் படுத்திருக்கவில்லை.

"பின்னால எவம்ல கூத்துக் காட்டுதான்?" செல்வதுரை மேடையேறிப் பாய்க்குப் பின்னால் போனார். அவருடைய தொந்தி நிழலும் பாயில் விழுந்தது.

ரோச்சின் நிழல் நிமிர்ந்தது. கையிலிருந்த வாளியை அவரிடம் நீட்டியது.

"லைட்ட அமத்துங்கலே."

"அப்பமே அமத்தியாச்சு முதலாளி" என்றார் அம்புரோஸ். "இங்கன நம்மளத் தவிர யாருமில்ல."

பாய்க்குப் பின்னாலிருந்து செல்வதுரையின் குரல் வந்தது. "ஏலே ரோச்சு, திரும்பி வந்து கலப்பத்து அடிச்சிக்கிடலாம்னுதான சொன்னேன். பலகை அம்புட்டு சீக்கிரம் விடும்னு நான் கண்டேனா?"

மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டது.

செல்வதுரை கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலில் ஓடினார். அவருடைய நிழல் பாயிலேயே நின்றது.

நாடகத்துக்குப் பிளாஸ்டிக் திரையே போதும் என்று முடிவானது. பாயை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து சுவரில் மாட்டினேன். இப்போது யாரும் என்னைக் குடிகாரன் பெண்டாட்டி என்பதில்லை. செல்வதுரை படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். இரண்டு கைகளும் எதையோ இறைத்துக்கொண்டே இருக்கின்றனவாம்.

நேற்று அம்புரோஸ் வந்து மெதுவாகச் சொன்னார். "போதும் இசபெல்லா. நல்ல தண்ணியில அலசிப் போட்டுரு. அந்த மனுசன் பாவம்."

"ரோச்சு இறைக்கும்போது யாரு பாவம் பாத்தா அண்ணாச்சி?" என்றேன்.

பாயில் ஐந்து நிழல்கள் நிமிர்ந்து நிற்கின்றன. தொந்தி நிழல் ஒன்று மட்டும் குனிந்து இறைக்கிறது. பாய் காயக் காய அது மங்கும். அதனால் தினமும் கடலுக்குப் போய் ஒரு வாளி மொண்டு வந்து ஊற்றுவேன்.

இன்று காலை வாளியை எடுக்கப் போனேன். அது ஏற்கெனவே நிறைந்திருந்தது. தோணியடித் தண்ணீரின் அதே நாற்றம்.