பழைய தொட்டியின் பஞ்சு

பதினோரு நாளாக மீன் ஒன்றும் சாகவில்லை. அவளுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

அதுவரை இந்தப் புதுத் தொட்டியில் வாரத்துக்கு இரண்டு செத்தன. இரண்டாம் தாரமாக இந்த வீட்டுக்கு வந்தவள் அவள். கணவரின் ஒன்பது வயது மகள் அவளை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை, "இங்க பாருங்க" என்பதோடு சரி. மீன் வளர்த்தாவது ஒரு 'அம்மா' கிடைக்காதா என்றுதான் தொட்டியே வாங்கினாள். ஆஸ்பத்திரி நர்ஸ், சோப்புப் போட்டுத் தேய்க்காவிட்டால் கை சும்மா இருக்காது. வடிகட்டிப் பஞ்சையும் பளிச்சென்று தேய்த்து வைத்தாள்.

மீன் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "அந்த அழுக்குலதாங்க மீனோட உசுரே இருக்கு! நல்லா ஓடின பழைய தொட்டியோட பஞ்சு கிடைச்சா உள்ள போடுங்க. தண்ணி தானா சரியாகும்."

கூட வந்திருந்த சிறுமி வீட்டுக்குப் போனதும் கட்டிலடியிலிருந்து ஒரு ஜாடியை எடுத்து வந்தாள். செத்துப்போன அம்மாவின் தொட்டிப் பஞ்சு. இரண்டு வருஷமாகத் தண்ணீர் மாற்றி மாற்றி வைத்திருந்தாளாம். மூடியைத் திறந்தால் பாசி நாற்றம் இல்லை, தலைக்கு எண்ணெய் வைத்த வாசனை.

"எங்கம்மா இருந்தப்ப ஒண்ணுகூட சாகல" என்றாள் சிறுமி, எத்தனையாவது முறையோ. செத்தவளோடு போட்டி போட்டு யார் ஜெயித்தார்கள்? வயிற்றெரிச்சலோடு பஞ்சை வாங்கிப் போட்டாள்.

இன்று மதியம் கணவர் வெளியூரில். மழை மூட்டத்தில் கூடம் இருண்டு கிடந்தது, தொட்டி விளக்கு மட்டும் சுவரெல்லாம் பச்சையாக அலைந்தது, வடிகட்டியின் முனகல் நடுநடுவே யாரோ மூச்சு வாங்குவதுபோல நின்று நின்று வந்தது. கையை விட்டுப் பஞ்சைத் தொட்டாள். விரலில் ஒரு முடி சிக்கியது. இழுத்தாள், வந்துகொண்டே இருந்தது. முழங்கை நீளம். அதற்கு மேலும். அவளுக்குக் கழுத்தளவு முடி, சிறுமிக்குத் தோளளவு.

உதறிவிட்டுத் தீனி தூவினாள். எந்த மீனும் மேலே வரவில்லை. ஆறும் ஒரே மூலையில், கண்ணாடியை ஒட்டி, வரிசையாக நின்றன. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சிறுமியின் முகம்.

ஆறு வாயும் ஒன்றாகத் திறந்தன. ஒன்றாக மூடின. திறந்தன. மூடின.

சிறுமி தலையாட்டினாள்.

"கண்ணு, இங்க வாடா." பயம். வெட்கமில்லாத பயம்.

"சும்மா இருங்க. அம்மா பேசிட்டிருக்காங்க."

எண்ணெய் வாசனை. நெருக்கத்தில். முதுகுக்குப் பின்னால்.

"சரிம்மா," என்றாள் சிறுமி.

ஒரு வருஷமாக அவள் ஏங்கிக் கிடந்த சொல். சொன்னது தொட்டியைப் பார்த்து.

சிறுமி எழுந்தாள். வாசல் கதவைப் பூட்டினாள். சாவியை உருவினாள். ஸ்டூலில் ஏறி அதைத் தண்ணீரில் போட்டாள். சாவி மெதுவாக இறங்கி, பஞ்சிலிருந்து கொத்தாக விரிந்துகொண்டிருந்த முடிக்குள் மறைந்தது.

ஆறு மீன்களும் சிறுமியை விட்டு அவள் பக்கம் திரும்பி, வாயை மூடிக்கொண்டு காத்திருந்தன.