முதுகோடு முதுகு

தொடை வலிக்கவில்லை. அதுதான் முதலில் உறுத்தியது.

இரண்டு பேர் முதுகோடு முதுகு சாய்ந்து, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுபோல் முழங்காலை மடக்கி நிற்கிற பயிற்சி அது. வசனம் பேசாமல் உடம்பால் மட்டுமே கதை சொல்லக் கற்க வருகிறவர்களுக்கு அவள் முதல் வாரமே அதைக் கொடுத்துவிடுவாள். துணை இல்லாமல் செய்தால் பாரம் முழுக்கத் தொடையில் இறங்கும். இரண்டாவது நிமிடம் நடுக்கம் எடுக்கும். மூன்றாவதில் எப்பேர்ப்பட்ட பலசாலியும் தொப்பென்று உட்கார்ந்துவிடுவான். அவள் தனியாகத்தான் செய்துகொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் பதினொரு நிமிடம் ஓடியிருந்தது.

மழையைச் சாக்கு வைத்து அன்று மாணவர்கள் ஒருவரும் வரவில்லை. தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்த சத்தம் காதுக்குப் பழகி, மௌனம் மாதிரியே ஆகியிருந்தது. ஈர மரத்தின் வாடையும் பாய்களில் ஊறிய பழைய வியர்வை நெடியும் கலந்து மூக்கில் ஏற, சாயங்கால வெளிச்சம் ஜன்னல் கம்பிகளுக்கு இடையே மங்கிக்கொண்டிருந்தது. அதற்கெல்லாம் நடுவே தோள்பட்டை எலும்புகளுக்கு இடையில் ஒரு வெதுவெதுப்பு பரவியது.

பதினாறு வருடம் அந்த இடத்தில் அவள் கணவனின் முதுகு இருந்தது. மேடையிலும் ஜோடி, வீட்டிலும் ஜோடி. எட்டு மாதத்துக்கு முன்பு அவன் வேறு ஊரில் வேறு குழுவோடு போய்ச் சேர்ந்துகொண்டான். சண்டைகூடப் போடவில்லை. போட்டிருந்தால் மனசு ஆறியிருக்கும். அதன்பிறகு அவளைத் தொட ஆளில்லை. மாணவர்களின் தோளை அவள் நிமிர்த்துவாள், இடுப்பைத் திருப்பிவிடுவாள். டீச்சரைத் தொட யாருக்குத் துணிச்சல் வரும்? ஒருநாள் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியின் முழங்கை இவள் கைமேல் பட்டுக்கொண்டே வந்தது. அதற்காகவே இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போனாள்.

"வந்துட்டியா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

முதுகில் அழுத்தம் கொஞ்சம் கூடியது, பின்னால் ஒரு மூச்சு ஏறி இறங்கியது. அவனுக்கு எப்போதும் இந்த விளையாட்டுதான், சத்தமில்லாமல் வந்து நிற்பது. கோபப்பட வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் சாய்ந்தாள். முழுசாகச் சாய்ந்தாள். கண் தளும்பியது.

காலடியில் கிடந்த போன் அடித்தது. கையை நீட்டி எடுத்தாள்.

"குருவி, உன் கறுப்பு ஷூ என் பெட்டியோட வந்துடுச்சு. இன்னைக்குத்தான் பாத்தேன். கொரியர்ல போடவா?"

அவன் குரல்.

"எங்க இருக்க?"

"வீட்லதான். ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு?"

அவன் பக்கத்தில் ஒரு பெண் ஏதோ கேட்டுச் சிரித்தாள்.

"ஒண்ணுமில்ல," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவள் பேசிக்கொண்டிருந்தவரை பின்னால் மூச்சு நின்றிருந்தது. கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது மறுபடி ஆரம்பித்தது. உள்ளே இழுத்தது. இழுத்துக்கொண்டே இருந்தது. வெளியே விடவில்லை.

மாணவர்களிடம் அவள் சொல்வதுண்டு, முதுகும் ஒரு கண்தான் என்று. அந்தக் கண்ணால் பார்த்தாள். முதுகுத்தண்டு தெரிந்தது. மொட்டு மொட்டாக எலும்பு. அவள் கழுத்தோடு அது முடிய வேண்டும்.

முடியவில்லை. பின்மண்டைக்குப் பின்னாலும் முதுகுதான். உச்சந்தலைக்குப் பின்னாலும்.

எழுந்துவிட வேண்டும். கால் கேட்கவில்லை. யாரும் அவளைப் பிடித்து வைக்கவும் இல்லை. விலகினால் அது என்ன செய்யும் என்ற பயம் ஒன்று. அதைவிட மோசமாக இன்னொன்று: இத்தனை பயத்திலும் அந்த வெதுவெதுப்பை விட அவளுக்கு மனம் வரவில்லை.

கதவு திறந்தது. காவலாளி. சாவிக்கொத்தோடு, குடையை உதறியபடி.

"டீச்சர், ஆறு மணியாச்சு. நீங்க கெளம்பினா நான் பூட்டிட்டு..."

அதோடு நின்றார்.

அவர் பார்வை அவள் முகத்தில் இருந்தது. பிறகு தலைக்கு மேலே போனது. மெல்ல, இன்னும் மேலே. கூரை உத்தரத்தில் முட்டியது. அங்கேயும் நிற்கவில்லை. உத்தரத்தை ஒட்டியே முன்பக்கமாக நகர்ந்தது. வளைந்தது. கீழே இறங்கத் தொடங்கியது.

குடை தரையில் விழுந்தது.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

இவ்வளவு நேரம் இழுத்து வைத்திருந்த மூச்சு, அவள் முகத்துக்கு நேர் எதிரே, மெதுவாக வெளியே வந்தது.