செத்தவனின் பைக் ஏன் சுடுகிறது?

'அக்டோபர் 6. இன்று ஒரு சின்னத் தப்பு செய்தேன். அடையாள அட்டையை நீட்டிவிட்டேன்.'

வெசெலா டைரியில் எழுதினாள்.

காலையில்...

பல்கேரியாவின் ப்ளோவ்டிவ் நகரத்தின் ஓரம். விளம்பரம் பார்த்து வந்த வெசெலாவுக்காக, பழைய பைக் விற்கும் ஸ்த்ராவ்கோ தார்ப்பாயை விலக்கினான்.

நெடும்பயண பைக். நீல நிறம். இரண்டு பக்கமும் பெட்டி. சீட்டுக் கிழிசலில் சிவப்பு நூல்.

வெசெலாவே போட்ட தையல்!

மூன்று வாரம் முன்பு அண்ணன் ஒக்னியான் இதில்தான் மலைக்குப் போனான். ஆற்றோரம் ஹெல்மெட் மட்டும் கிடைத்தது. தெருவெல்லாம் அவன் படம் போட்ட இரங்கல் நோட்டீஸ் ஒட்டியவளே வெசெலாதான்.

'அண்ணனைக் கொன்றவன் விற்கிறான்! பைக்கோடு போலீஸுக்குப் போய்விட வேண்டும்!'

"ரெண்டு மாசமா ஸ்டார்ட்டே பண்ணலம்மா. புதுசு மாதிரி!"

"ஓட்டிப் பார்க்கலாமா?"

"தாராளமா. அடையாள அட்டையைக் குடு, சாவியை வாங்கிக்கோ. போன வருஷம் ஒருத்தன் ஓட்டிப் பார்க்கறேன்னு போனான்... இன்னும் ஓட்டிப் பார்த்துட்டே இருக்கான்!"

எங்கும் உள்ள வழக்கம். யோசிக்காமல் நீட்டினாள்.

சாவி கைக்கு வந்த நொடியில் உறைந்தாள். அட்டையில் குடும்பப் பெயர்!

"பலபானோவா...? நீ ஒக்னியானோட தங்கச்சியா?"

ஸ்த்ராவ்கோ கேட்டின் தாழ்ப்பாளைப் போட்டான்.

பின்வாங்கிய வெசெலாவின் கை எஞ்சினில் பட்டது.

சுட்டது!

"ரெண்டு மாசமா ஸ்டார்ட் பண்ணலையா? இப்பதான் யாரோ ஓட்டிட்டு வந்திருக்காங்க! எங்கண்ணனை என்னடா பண்ணினே?"

"கத்தாதே பாப்பா..."

ஷெட்டுக்குள் இருமல்.

கதவு திறந்தது. தாடி... அழுக்குச் சட்டை... அதே வளைந்த மூக்கு!

"ஒக்னியான்...!"

"மெதுவா பேசு வெசி. இப்ப ஓட்டிட்டு வந்தது நான்தான். இவனும் நானும் திருட்டு பைக் வித்தோம். போலீஸ் நெருங்கிடுச்சு. செத்துட்டதா காட்டினா தேட மாட்டாங்கன்னு... இதை வித்துட்டு கிரீஸுக்கு ஓடிடலாம்னு..."

"நீ சாகலையா? அம்மா வெறும் மோர்ல உயிரைப் பிடிச்சிட்டிருக்காடா!"

அவன் உடைந்துபோனான்.

வெசெலா பைக்கில் ஏறினாள். சாவியைத் திருகினாள்.

"பின்னாடி உட்காரு. முதல்ல அம்மா. அப்புறம் ஸ்டேஷன்."

"டேய், போகாதே! நானும் மாட்டுவேன்டா!" ஸ்த்ராவ்கோ குறுக்கே நின்றான்.

ஒக்னியான் அவனைத் தள்ளிவிட்டுத் தானே தாழ்ப்பாளை நீக்கினான்.

டைரியில் கடைசி வரிகள்:

'நாளைய வேலை: ஒட்டிய ஐம்பத்திரண்டு நோட்டீஸையும் கிழிக்க வேண்டும். ஒன்றிரண்டைப் பத்திரப்படுத்தலாம், மறுபடி தேவைப்படும்... அம்மா இன்னும் அவன் கதையை முழுசாகக் கேட்கவில்லை!'